இரை விற்ற பணம்

கருவாடு விற்ற காசு நாறாது என்பது பழமொழி.
நாறியது.
ஸெலி மியூஸ் எங்கள் ஆய்வகத்துக்கு முதன்முதலாக வந்த அன்று
கைப்பையைத் திறந்து காசோலையை எடுத்தாள்;
உப்பிட்ட ஹெர்ரிங் மீனின் வாடை
நுண்ணோக்கிகள் வரை போய்த் திரும்பியது.
"மன்னிக்கணும், லாரியிலேயே வந்துட்டேன்" என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை,
பூஜ்யங்களை எண்ணிக்கொண்டிருந்தோம்.

நோவா ஸ்கோஷியாவின் தென்முனை.
சிங்கி இறால் பொறிக்குள் வைக்கும் இரைதான்
அவள் வியாபாரம்.
அழுகும் மீனை
அழுகி முடிப்பதற்குள்
முப்பத்தெட்டு வருடம் விற்றவள்.
கணக்கெழுதியது தங்கை அதேல்.

முதலில் பேனா நழுவியது,
பிறகு கரண்டி,
பிறகு சொல்.
கடைசியில் இமைகள் மட்டும்
அவளிடம் வேலைக்கு வந்துகொண்டிருந்தன.
ஒரு சிமிட்டல் என்றால் சரி.
இரண்டு என்றால் இல்லை.
மார்ச் மாதப் பேரேட்டை ஸெலி வாசித்துக் காட்டியபோது
நாற்பது சென்ட் உதைத்தது.
இரண்டு சிமிட்டல்.

ஆறாண்டு கழித்து, நவம்பரில்
மூன்று மணி நேரம் காரோட்டிப் போகிறேன்
பதினேழாம் எண் மருந்து பலிக்கவில்லை என்று சொல்ல.
ஒரு மின்னஞ்சல் போதும் என்றார் துறைத்தலைவர்.
எலிகளில் பலித்தது.
எலிகளில் எல்லாம் பலிக்கும்.
நூற்று இருபத்தாறு மனிதர்களில்
மருந்தை விழுங்கியவர்களும்
வெறும் மாவை விழுங்கியவர்களும்
ஒரே வேகத்தில்
கரண்டியைத் தவறவிட்டார்கள்.

பெட்ரோல் போட நின்றேன்.
எதிரே ஐஸ் ஹாக்கி அரங்கம்,
புதுக் கூரை, அவள் போட்டது.
பெயர்ப்பலகையில் அவள் பெயருக்கு ஓர் எழுத்துக் குறைவு.
"எங்கப்பா இருபத்திரண்டு வருஷம் அவங்ககிட்ட மீன் அள்ளினார்"
என்றான் தெல்பேர், குழாயைப் பிடித்தபடி.
"கிறிஸ்துமஸுக்கு ஒரு வான்கோழி. அதுவும் சின்னது."
மீட்டர் ஓடியது.
"என் பையன் அந்தக் கூரைக்குக் கீழதான் ஆடறான்."
இரண்டையும் ஒரே குரலில் சொன்னான்.
மீதிச் சில்லறையை எண்ணித் தந்தான்.

ரப்பர் பூட்ஸோடு கிடங்கில் நின்றாள்.
வரைபடத்தை ஐஸ் பெட்டி மேல் விரித்தேன்,
ஒன்றன் மேல் ஒன்று படுத்த இரண்டு கோடுகள்.
அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.
"எத்தனை பேர் போயிட்டாங்க?"
"முப்பத்தொன்று."
"பேரு?"
"எண்கள்தான் எங்களிடம் உண்டு."
ஒரு கூடையை எட்டி உதைத்தாள்.
வெள்ளிச் செதில்கள் சிமெண்டெங்கும் வழுக்கி ஓடின.
நெடுநேரம் பேசவில்லை.
வெளியே எதுவோ பின்னோக்கி வரும் லாரியின் ஓசை.

"அவங்க உடம்பையே கொடுத்தாங்க.
நான் கொடுத்தது வெறும் இரை" என்றாள்.
நான் அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தை
உறையிலிருந்து பாதி உருவியிருந்தேன்.
"வேற யாராவது வேற மாதிரி யோசிக்கிறாங்களா?"

கியூபெக்கில் ஒருத்தி இருக்கிறாள், மரியேவ் பூலியோ.
மாநாடுகளில் என்னிடம் கோணலாகக் கேள்வி கேட்பவள்.
பதினேழு பலிக்காது என்று முன்பே எழுதியவள்.
எழுதியதை நான் படித்திருந்தேன்.
சொல்லாமல் விட்டிருக்கலாம்.
சொன்னேன்.

"அப்போ அவளுக்கு."
எனக்கு ஒரு காபி ஊற்றினாள்.
தங்கையின் பேரேட்டைப் பிரித்து
பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு
"நம்பர் சொல்லு" என்றாள்.

சொன்னேன். ஒவ்வோர் இலக்கமாக.
கடைசி இலக்கத்தில்
என் நாக்கு ஏழு என்றது.

கடற்காற்று கதவை அறைந்தது.
அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
குளிருக்காகத்தான் இருக்கும்,
இரண்டு முறை இமைத்தாள்.

"ஒன்பது" என்றேன்.
"கடைசியில் ஒன்பது."